அனுமன் உப்புக்கொத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனுஷ்கோடிப் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது பூநாரை எங்கே என்றுதான். பூநாரை தூரத்தில் தண்ணீரில் நிற்கும். அதைத் தேடி இவர்கள் மணலில் நடக்க நடக்க, காலடியிலிருந்து பத்துப் பதினைந்து அடி முன்னால் ஒரு சின்னப் பழுப்புப் பறவை ஓடி ஓடி வழிவிட்டுக்கொண்டே போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எப்போதாவது ஒருவர் "இது என்ன குருவி?" என்பார். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பார்க்க எப்படி இருக்கும்?

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது, சுமார் 15 செ.மீ. குருவிக்கு நீளக் கால் வைத்து, தலையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கண்ணை நன்றாகப் பெரிதாக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். முதுகு காய்ந்த மணலின் பழுப்பு. வயிறு தூய வெள்ளை. நெற்றி வெள்ளை. அலகு குட்டையாகக் கறுப்பாக இருக்கும், காலும் கறுப்பு. பிடரியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். மார்பின் இரு பக்கமும் ஒவ்வொரு திட்டு உண்டு. அறுந்த அட்டிகை மாதிரி, இரண்டும் நடுவில் சேராது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு அந்தத் திட்டும், நெற்றிக்கு மேலே ஒரு கோடும் கறுப்பாகிவிடும். பெண்ணுக்குப் பழுப்பாகவே இருக்கும்.

உப்புக்கொத்தி என்றால் உப்பைக் கொத்துமா?

உப்பைக் கொத்தாது. உப்பளத்தில் நின்று கொத்தும், அவ்வளவுதான். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்புப் பாத்தி வரப்புகளில் இந்தக் குடும்பத்துப் பறவைகளைப் பார்க்காமல் வர முடியாது. உப்புநீரில் பெருகும் ஈக்களும் அவற்றின் புழுக்களும் இவற்றுக்கு விருந்து. சட்டியைப் பார்த்துச் சமையலுக்குப் பெயர் வைத்தது போல, இடத்தைப் பார்த்துப் பறவைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, அனுமன் எங்கிருந்து வந்தார்?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. நீளத்துக்கு மணல்திட்டுகள் கிடக்கின்றனவே, நாம் இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்வது, அதன் இரு கரையும் இந்தப் பறவையின் சொந்த ஊர். பாலம் கட்டிய கதையில் அனுமனுக்கு உள்ள பங்கை நினைத்து இந்தப் பெயரை வைத்தார்கள். எனக்கு இதில் ஒரு சின்னக் குறை உண்டு. பாலம் கட்டும்போது முதுகில் மணலை ஒட்டிக்கொண்டு வந்து உதறிய அணிலின் பெயரை வைத்திருந்தால் அளவுக்கும் நிறத்துக்கும் இன்னும் பொருந்தியிருக்கும். என்னைக் கேட்டு யார் வைத்தார்கள்!

2023இல்தான் கண்டுபிடித்தார்களா? நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோமே?

நீங்கள் பார்த்தது உண்மை. அறிவியலும் பார்த்துத்தான் இருந்தது. தனிப் பறவை என்று ஒப்புக்கொள்ளத்தான் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

1915இல் எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட், ஆனி ஜாக்சன் என்ற இருவர் இதற்கு "சீபோமி" என்ற பெயரைக் கொடுத்தார்கள். ஹென்றி சீபோம் என்ற ஆங்கிலேயரின் நினைவாக வைத்த பெயர். அவர் ஷெஃபீல்டு நகரத்து எஃகு வியாபாரி, பறவை ஆராய்ச்சியில் பைத்தியமாகத் திரிந்தவர். ஆனி ஜாக்சனோ கரைப்பறவைகளில் அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிபுணர்களில் ஒருவர். பெயர் கிடைத்ததே தவிர, தனிக் குடித்தனம் கிடைக்கவில்லை. கென்டிஷ் உப்புக்கொத்தி என்ற பெரிய குடும்பத்தில் ஒரு கிளையினமாகவே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா வரை பரவிய பறவை அது. அதோடு பார்த்தால் நம்முடையது கொஞ்சம் குட்டை, வேறென்ன வித்தியாசம் என்று விட்டுவிட்டார்கள்.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் இதை மறுபடி கையில் எடுத்தார்கள். மன்னார்ப் பக்கம் பறவைகளைப் பிடித்து அளந்து விட்டார்கள். மரபணுவைப் பார்த்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ட்ரிங் என்ற ஊரில் பறவைப் பிரிவு இருக்கிறது. அங்கே பெட்டிகளில் பாடம் செய்து வைத்திருக்கும் பழைய பறவைத் தோல்களோடும் ஒப்பிட்டார்கள். ஹார்ட்டர்ட் வேலை பார்த்ததும் அதே ட்ரிங்கில்தான். சிறகு, வால், அலகு மூன்றும் குட்டை. ஆணின் உச்சந்தலையில் கென்டிஷுக்கு இருக்கும் செம்பழுப்பு இதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. மரபணுக் கணக்குப்படி இரண்டும் பிரிந்து பத்து லட்சம் வருடத்துக்கு மேலாகிறது. 2023இல் 'ஐபிஸ்' ஆய்விதழில் இதெல்லாம் வெளியானது. 1915இல் பெயர் வெளிவந்ததும் அதே இதழில்தான்.

கென்டிஷ் என்ற பெயர் எதற்கு?

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பறவை இங்கிலாந்தில் இப்போது நிலையாகக் கூடு கட்டுவதே இல்லை. கென்டிஷே இல்லாமல் போன ஏதோ ஓர் ஊரின் பெயரை மன்னார்க் கரையில் பிறந்து மன்னார்க் கரையில் செத்த பறவை இத்தனை காலம் சுமந்தது.

இந்தக் குடும்பத்தில் இப்படிப் பாகப்பிரிவினை நடப்பது புதிதல்ல. அமெரிக்கக் கரைகளில் இருந்ததை 2011இல் பனி உப்புக்கொத்தி என்று தனியாக்கினார்கள். கிழக்காசியாவில் வெண்முக உப்புக்கொத்தி என்று ஒன்று. 1870இல் பெயர் வைத்து, பிறகு மறந்து, சிங்கப்பூர் மலேசியப் பக்கம் பறவை பார்ப்பவர்கள் "இது வேறு மாதிரி இருக்கிறதே" என்று கிளப்பிய பிறகுதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

அறிவியல் பெயர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறதே?

சரட்ரியஸ் சீபோமி என்றும் அனாரிங்கஸ் சீபோமி என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே பறவை. அண்மையில் பேரினத்தை மாற்றினார்கள், பழைய பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அனாரிங்கஸ் என்ற பேரினத்தில் முன்பு ஒரே ஒரு பறவைதான் இருந்தது. நியூசிலாந்தில் இருக்கிறது, அலகு நுனி வலப்பக்கமாக வளைந்திருக்கும். நம்முடையதற்கு அலகு நேர்தான், பயப்பட வேண்டாம்.

மற்ற சின்னக் கரைப்பறவைகளோடு குழம்பாமல் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் பிடரியைப் பாருங்கள். வெள்ளைப் பட்டை இல்லையென்றால் அது மணல் உப்புக்கொத்தி வகை, குளிர்காலத்தில் கூட்டமாக வருவது. வெள்ளைப் பட்டை இருந்து, மார்பில் கறுப்பு வளையம் முழுதாகச் சுற்றி, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி. அது கடற்கரையைவிட ஆற்று மணலிலும் கண்மாய்க் கரையிலும் அதிகம். நிற்காமல் தையல் மிஷின் போலக் கொத்திக்கொண்டே போனால் அது கொசு உள்ளான், உப்புக்கொத்தியே இல்லை.

கஷ்டம் கென்டிஷோடு பிரிப்பதில்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கென்டிஷ் வந்து நம்முடையதோடு கலந்து நிற்கும். அப்போது ஸ்கோப் வைத்துப் பார்க்கிறவர்களே தயங்குவார்கள். கோடையில் பிரச்சினை இல்லை. வந்தவை போன பிறகு கரையில் ஜோடியாக நின்று கூடு காக்கிறது என்றால் அது வீட்டுக்காரர்.

அப்படியானால் இது வலசை போகாதா?

போகாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வருடம் முழுக்க இருக்கும். நம் கரைப்பறவைகள் பற்றிய பேச்சு எப்போதும் சைபீரியாவிலிருந்து வருகிறது, மங்கோலியாவிலிருந்து வருகிறது என்றே இருக்கும். விருந்தாளி வந்தால் அண்டை வீட்டுக்காரரை மறந்துவிடுவோமே, அந்தக் கதைதான். விருந்தாளிகள் வரும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை கரையில் பைனாகுலர்களும் இருக்கும், கணக்கெடுப்பும் நடக்கும். ஏப்ரல், மே வெயிலில் அங்கே யாரும் இருப்பதில்லை. இந்தப் பறவையின் முக்கியமான வேலையெல்லாம் நடப்பதோ அந்த மாதங்களில்தான்.

என்ன சாப்பிடும்? ஏன் விட்டுவிட்டு ஓடுகிறது?

ஈ, வண்டு, சின்னச் சின்ன நண்டு இறால் வகைகள், சேற்றுப் புழு. உள்ளான்கள் நீள அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும். இதற்கு அலகு குட்டை, ஆகவே கண்ணை நம்பித்தான் பிழைப்பு. நின்று பார்க்கும், ஏதாவது அசைந்தால் பாய்ந்து ஓடிக் கொத்தும், மறுபடி சிலையாக நிற்கும். ஓடும்போது கால் தெரியாது, உருண்டு போவது போல இருக்கும். சில நேரம் ஒரு காலை மட்டும் நீட்டி ஈரச் சேற்றின் மேல் நடுநடுங்க வைக்கும். அதிர்வில் உள்ளே இருப்பது வெளியே அசையும், உடனே கொத்து. கண் பெரிதாக இருப்பதால் இரவிலும் மேயும்.

கூடு எங்கே கட்டும்?

கட்டுவது என்ற வார்த்தையே இங்கே அதிகம். வெட்டவெளியில் மணலில் ஒரு சின்னக் குழி. ஆண் நெஞ்சை மணலில் அழுத்தி, காலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று குழிகள் பறித்து வைக்கும். பெண் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உள்ளே சிப்பித் துண்டு, சின்னக் கல், காய்ந்த கடற்புல் என்று கொஞ்சம் போடும். இரண்டு அல்லது மூன்று முட்டை. மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளியும் கிறுக்கலுமாக இருக்கும். மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரைகூட நடக்கும்.

ஒரு மே மாதம், காலை பத்து மணி இருக்கும், பெண்கடல் பக்கத்துத் தரவையில், அதாவது கரையோர வெட்டவெளியில், நடந்துகொண்டிருந்தேன். (ராமேஸ்வரத்தில் வடக்குக் கடலைப் பெண்கடல் என்பார்கள், அலையில்லாதது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல்.) முன்னால் ஒரு பெண் உப்புக்கொத்தி ஓடியது, நின்றது, பிறகு ஒரு சிறகைத் தொங்கவிட்டு, வாலை விரித்து, மணலில் இழுத்துக்கொண்டு போனது. அடிபட்ட பறவை என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் இரண்டு அடி பின்னாலேயே போனேன். அப்புறம்தான் உறைத்தது, இது நம்மை எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு போகிறது என்று. நின்ற இடத்திலேயே குனிந்து பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. ராவணன் மீசைப் புல்லின் காய்ந்த உருண்டை ஒன்று, பக்கத்தில் நொறுங்கிய மட்டி ஓடுகள், அவற்றுக்கு நடுவே பாதி மணலில் புதைந்த மூன்று முட்டைகள். என் இடது செருப்பிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. நான் வந்த வழியே பின்வாங்கித் தூரத்தில் உட்கார்ந்த பிறகு, அந்தப் பறவை சிறகைச் சரியாக மடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல ஓடி வந்து முட்டை மேல் அமர்ந்தது.

அந்த வெயிலில் முட்டை வெந்துவிடாதா?

விட்டால் வெந்துதான் போகும். இங்கே அடைகாப்பது என்றால் பாதி நேரம் சூடாக்குவதல்ல, குடை பிடிப்பது. பறவை முட்டை மேல் ஒட்டி உட்காராமல், காலை அகட்டி எழுந்து நிழல் விழும்படி நிற்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தாங்க முடியாதபோது தண்ணீருக்கு ஓடி, வயிற்றை முக்கி நனைத்துக்கொண்டு திரும்பி வந்து அமரும். ஈர இறகு முட்டையையும் குளிர வைக்கும், தன்னையும் குளிர வைக்கும். கென்டிஷ் குடும்பத்தில் பொதுவாகப் பகலில் பெண், இரவில் ஆண் என்று முறை. சூடு மிக அதிகமான செங்கடல் தீவுகளில் உச்சி நேரத்தில் இருவரும் அடிக்கடி மாறி மாறி உட்கார்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சுமார் 25 நாள் இப்படி நடந்தால்தான் முட்டை பொரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, கூட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் அரை மணி நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குஞ்சை யார் வளர்ப்பது?

பொரித்து, இறகு காய்ந்ததும் குஞ்சு எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். ஊட்டிவிடும் வேலை கிடையாது, அதுவே கொத்தித் தின்னும். பெற்றோரின் வேலை காவலும், குளிரிலும் வெயிலிலும் சிறகுக்குள் அணைப்பதும். ஆபத்துக்கான குரல் கேட்டால் குஞ்சு அப்படியே மணலோடு மணலாகப் படுத்துவிடும்.

கென்டிஷ் உப்புக்கொத்திகளில், குஞ்சு பொரித்த சில நாளில் பெண் பெரும்பாலும் கிளம்பிவிடும். வேறு ஆணோடு அடுத்த கூடு. குஞ்சுகளை ஆண்தான் சுமார் ஒரு மாதம், பறக்கும் வரை கூட்டித் திரியும். தமாஷ் செகெலி என்ற ஹங்கேரிய ஆய்வாளர் பல வருடங்கள் இதையே பின்தொடர்ந்திருக்கிறார். 2023 ஆய்விலும் அவர் பெயர் உண்டு. பிரிந்த பெண்ணுக்குச் சில நாளில் புதுத் துணை கிடைத்துவிடுகிறது, ஆணுக்கோ அதைவிட அதிக நாள் ஆகிறது என்று அவர் காட்டினார். கரையில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. அப்பா தங்கிவிடுவதற்குப் பெரிய காரணம் அதுதான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே மனிதர்களுக்குப் பொருத்திப் பேச ஆரம்பிப்பார்கள். வேண்டாம்.

இதற்கு எதிரிகள் யார்?

காக்கை, நாய், பூனை, கீரி, உடும்பு, பருந்து. இவற்றில் பருந்துக்கும் உடும்புக்கும் அது காலகாலமாகப் பழகியது. காக்கையும் நாயும் நம்மோடு வருபவை. நாம் சாப்பிட்டுப் போடும் இடத்தில் அவை பெருகும், பெருகியது அப்படியே கரையோரம் நடக்கும்.

அப்புறம் டயர். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி பல காலம் ஆள் குறைந்த இடமாகத்தான் இருந்தது. மணலில் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. சாலை திறந்தார்கள். சாலை வந்ததைக் குறை சொல்லவில்லை, நானும் அதில்தான் போகிறேன். சாலையை விட்டு இறங்கித் தரவையில் வட்டமடிக்கும் வண்டிகளைத்தான் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முந்தின வாரம் கூடு பார்த்த இடத்தில் எட்டுப் போட்ட டயர் தடம்தான் கிடந்தது. ஓட்டியவருக்கு அங்கே ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. இந்த முட்டை யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் அந்த நிறம். நரியையும் காக்கையையும் ஏமாற்றும் அதே நிறம், ஓட்டுநரையும் ஏமாற்றிவிடுகிறது.

தனி இனம் என்று ஆக்கியதால் என்ன லாபம்?

கணக்கு மாறுகிறது. கென்டிஷோடு சேர்த்து எண்ணும்போது உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருக்கிறது, கவலை இல்லை என்று ஆகிவிடும். தனியாக எண்ணினால் இருப்பது தென்னிந்தியா, இலங்கைக் கரைகளில் மட்டும். ஜனநெருக்கம் மிகுந்த கரைகள் இவை. உப்பளம், இறால் பண்ணை, துறைமுகம், காற்றாலை, ரிசார்ட் எல்லாம் கேட்பது இதே மணலைத்தான். இங்கே போனால் வேறெங்கிருந்தும் வந்து நிரப்பாது.

நல்லதும் சில நடந்திருக்கிறது. இலங்கையில் வங்காலை 2010இல் ராம்சர் ஈரநிலமானது (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல் அது), ஆதாம் பாலத் திட்டுகள் 2015இல் தேசியப் பூங்காவாயின. நம் பக்கம் 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெயர் பூநாரைக்குத்தான் போயிற்று. போகட்டும், நிழல் இதற்கும் விழும்.

கூடு கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்யாமல் நகர்ந்துவிடுங்கள். சுற்றிக் கல் அடுக்குவது, குச்சி நடுவது, துணி கட்டுவது எதுவும் வேண்டாம், காக்கை அதைப் பார்த்துதான் முதலில் வரும். குஞ்சு தனியாகக் கிடந்தால் அநாதை என்று தூக்காதீர்கள், அப்பா நாற்பது அடி தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார். கூட்டைப் படமெடுத்து இடத்தோடு வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம். மறுநாளே பத்து கேமரா வந்து நிற்கும்.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

இங்கே தனுஷ்கோடிச் சாலையின் இரு பக்கத்துச் சேற்றுவெளி. இலங்கையில் மன்னார்த் தீவு, வங்காலை, தெற்கே புந்தல. காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானலில் எல்லாப் பறவையும் நடனமாடும். தண்ணீர் வற்றிய விளிம்பில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் மணல்தான் தெரியும். பிறகு மணலில் ஒரு துண்டு ஓடி நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பின்னால் இரண்டு என்று தெரிய ஆரம்பிக்கும். மார்ச்சுக்குப் பிறகு போகிறவர்கள் ஈர மணலிலேயே நடங்கள், மேட்டு மணலில் ஏறாதீர்கள். தவறி ஏறிவிட்டால், திரும்பும்போது வந்த காலடித் தடத்தின் மேலேயே கால் வைத்துத் திரும்புங்கள்.